அகழிக்கு இப்பால்

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், தெற்கிலிருந்து காற்று வீசும் இரவுகளில் வண்டலூர்ச் சிங்கத்தின் முழக்கம் கேட்கும். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய சென்னை விலங்குக்காட்சிச் சாலை, மூர்மார்க்கெட்டை அடுத்த மக்கள் பூங்காவில் நெடுங்காலம் இருந்து, 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் தாம்பரத்திற்குத் தெற்கே வாழ்வோருக்குச் சிங்கம் என்பது இரவில் வந்து போகும் ஓர் ஒலி. முதலையும் எங்களுக்கு அயலது அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நெடுங்குன்றத்தருகே ஒரு முதலை சாலையைக் கடந்து சென்ற காட்சி கைப்பேசிதோறும் ஓடியதை மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சிங்கம் முழங்கும்போதெல்லாம் என் தந்தையார், "இன்றைக்கு இரை போதவில்லை போலும்" என்பார். பல்லாண்டுகளாக அதே சொற்றொடர்தான். அதற்குமேல் அவர் விலங்குகளைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

அவர் தாம்பரத்தில் நாற்பதாண்டுகள் மரவாடி நடத்தியவர். காட்டிலாகா டிப்போக்களில் ஏலம் எடுத்து, முத்திரைச் சுத்தியலின் அடையாளம் பதிந்த மரங்களை லாரியில் ஏற்றி வந்து விற்றவர். ஓர் அடிமரத்தின் சுற்றளவை நூல்பிடித்து அளந்து, அதை நான்காக வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் மறுபடி பெருக்கிக் கன அடியைக் கூறுவார். தாள் எடுத்ததை நான் கண்டதில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுந்தடை விதித்த பிறகு, நாட்டு மரம் குறைந்து பர்மாத் தேக்கும் ஆப்பிரிக்கத் தேக்கும் வாடிக்கு வந்தன. அவருக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் வாடியை மூடிவிட்டார். நான் அவ்வாடியை ஏற்று நடத்துவேன் என எண்ணியிருந்தவர் அவர். நானோ தமிழ் படிக்கச் சென்றேன். அவ்வருத்தத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் என் நூலடுக்கைப் பார்க்கும்போது, "பலகை நல்ல பலகை" என்று மட்டும் சொல்லுவார்.

காட்டுக்குள் தங்கி விலங்குகளை அணுகிக் காணும் விடுதி என்றால், உலகத்தார் முதலில் கூறுவது கென்யா நாட்டின் ட்ரீடாப்ஸ் விடுதியைத்தான். 1932இல் ஓர் அத்திமரத்தின்மீது சிறு பரணாக அமைக்கப்பட்டது அது. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கிய இரவில்தான் இலண்டனில் அவர் தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உயிர்நீத்தார். மரமேறியபோது இளவரசி, இறங்கியபோது அரசி. குமாவுன் காடுகளின் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் அன்று உடனிருந்தார். அவருடைய கடைசி நூல் அந்த இரவைப் பற்றியதே. 1954இல் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது அப்பரண் எரியூட்டப்பட்டது. பின்னர் அருகிலேயே பெரிய விடுதி எழுந்தது.

நமக்கு அத்தனை தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேக்கடி ஏரியின் நடுவே, எடப்பாளையம் என்னுமிடத்தில், திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தின் கோடை மாளிகை ஒன்று உண்டு. பிற்காலத்தில் அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியாயிற்று. அறைகள் ஆறே. படகில் மட்டுமே செல்ல இயலும். 2015ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அங்கே ஓரிரவு தங்கலாம் என்றேன். "காட்டை நான் பார்க்காததா?" என்றார் தந்தையார். எழுபத்தைந்து வயதில் அவர் பார்த்ததெல்லாம் காட்டின் வாயிலில் இருந்த டிப்போக்களைத்தான் என்பது எனக்குத் தெரியும். வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

என் ஆவலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் வகுப்பில் களிறு என்றும் பிடி என்றும் வேழம் என்றும் சொல்லிச் சொல்லி மாணவர்களுக்குக் குறிஞ்சியையும் பாலையையும் கற்பித்திருந்தேன். கோயில் வாயிலில் நிற்கும் யானையையும் வண்டலூர் யானையையும் தவிர வேறு யானையை நான் கண்டதில்லை. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது மலர்களில் பத்தை நேரில் அடையாளம் காட்டச் சொன்னாலும் விழித்திருப்பேன். தமிழாசிரியர் பலருக்கும் இந்தக் குறை உண்டு, சொல்லிக்கொள்வதில்லை.

தாம்பரத்தில் இரவு இரயில் ஏறி மதுரையில் இறங்கி, தேனி, கம்பம் வழியாகப் பேருந்தில் சென்றோம். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாய்களைக் கண்டு தந்தையார் வியந்தார். 1887இல் தொடங்கி 1895இல் கர்னல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய பெரியாற்றைத் தடுத்து, குகைவழியே கிழக்கே திருப்பி, வைகைப் படுகைக்கு அளித்தது. அந்நீரே இக்குழாய்களில் இறங்குகிறது. தேக்கடி ஏரி என்பது அவ்வணையால் மூழ்கிய காடு. நெல்லும் திராட்சையும் விளைந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வந்தபின், அந்நீர் எதன்மேல் நிற்கிறது என்பதைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இல்லை.

படகில் எவரும் எழுந்து நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று அவ்வேரியில் ஒரு படகு கவிழ்ந்து நாற்பத்தைவர் மாண்டனர். அதை நினைவில் வைத்துச் சொன்னதாகத் தோன்றியது. ஒருவரும் அசையவில்லை.

கோடையில் நீர் தாழ்ந்திருந்தது. ஏரியெங்கும் பட்ட மரங்கள் கருத்த தூண்களாக நின்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நீர் ஏறியபோது நின்ற இடத்திலேயே இறந்த மரங்கள் அவை. நீர்க்காகங்கள் அவற்றின்மீது சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை வளைத்துப் பார்த்தது. நான் பறவைகளைப் பார்த்தேன். தந்தையார் மரங்களைப் பார்த்தார். வாடியில் ஏலத்துக்குமுன் பார்ப்பாரே, அதே பார்வை.

"இவ்வளவு காலம் மட்கவில்லையே!" என்றேன்.

"எப்போதும் நீருக்குள் இருக்கும் மரம் கெடாது, தம்பி. காற்றுப் புகாத இடத்தில் பூசணம் பிடிக்காது. எப்போதும் உலர்ந்திருக்கும் மரமும் கெடாது. நனைந்தும் காய்ந்தும் நிற்கும் இடம்தான் போகும். அதோ பார், எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில்தான் இடுப்பு சிறுத்திருக்கிறது."

பார்த்தேன், அவ்வாறே இருந்தது. சிறிது நேரம் கழித்து, தமக்குத்தாமே பேசுவதுபோல், "நிற்கும் மரத்துக்குக் கணக்குப் போட வரவில்லை எனக்கு" என்றார்.

மாளிகை ஆடம்பரமானதன்று. ஓடு வேய்ந்த தாழ்ந்த கட்டடம், முன்புறம் நீண்ட தாழ்வாரம், சரிந்திறங்கும் புல்வெளி, அதன் விளிம்பில் வளாகத்தைச் சூழ்ந்த அகழி. யானையால் நான்கு கால்களையும் ஒருசேரத் தூக்கித் தாவ இயலாது. ஆகவே ஆழமும் அகலமும் போதிய ஒரு பள்ளம் அதற்கு மதிலினும் வலிய தடை. பொழுது சாய்ந்தபின் அகழிக்கு அப்பால் எவரும் போகலாகாது என்பது அங்கே விதி. இக்காட்டை 1934இல் வேட்டை விலங்குகளுக்கான சரணாலயமாக அறிவித்ததும் திருவிதாங்கூர் அரசுதான். 1978இல் இது புலிகள் காப்பகமாயிற்று. புலியை நாங்கள் காணவில்லை. காண்போம் என்று அங்குள்ளோர் ஆசை காட்டவும் இல்லை. அந்நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு எதிர்க்கரையில் காட்டெருதுகள் இறங்கின. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்கள். அவற்றின் உடல்களோ பாறைகள் நகர்வன போன்றிருந்தன. ஒரு கடமான் நெடுநேரம் நீரில் நின்றது. பின்னர், மரங்களுக்கிடையே எந்த ஓசையுமின்றி, அங்கே முன்பே இருந்தவைபோல யானைகள் தோன்றின. ஏழு. முன்னே வந்தது மூத்த பிடி. அது நின்றால் எல்லாம் நின்றன. அது நடந்தால் எல்லாம் நடந்தன.

கலித்தொகைப் பாலைக்கலியில் பெருங்கடுங்கோ காட்டும் யானைக் காட்சியை மாணவர் அறிவர். கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு ஊட்டிவிட்டுத் தான் பின்னர் உண்ணும் களிறு அது. அன்பின் இலக்கணமாக அதை எத்தனை முறை விரித்துரைத்திருப்பேன்! எதிர்க்கரையில் நான் கண்ட கூட்டத்தில் களிறே இல்லை. வளர்ந்த ஆண்யானை கூட்டத்தோடு வாழ்வதில்லை, தனித்தே திரியும், கூட்டம் முதுபிடியின் வழி நடக்கும் என்று விலங்கியலார் கூறுவதை அன்று கண்ணாரக் கண்டேன். உள்ளத்தில் சிறிது சோர்வு ஏற்பட்டது. அப்போது கன்று ஒன்று, தாயின் கால்களுக்கிடையிலிருந்து ஓடி, நேரே நீருக்குள் இறங்கி மிதித்து, தெளிவாயிருந்த கரையோரத்தைச் சேறாக்கியது. அதன் பாதத்தைப் புலவர் துடி என்னும் பறைக்கு உவமை கூறியிருப்பார். அக்குட்டையான, உருண்ட கால் சேற்றில் எழுவதும் பதிவதுமாக இருந்ததைக் கண்டபோது, அவர் யானைக்கன்றைப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. களிற்றின் செய்கையை அவர் கண்டாரா, விரும்பினாரா என்பது வேறு வினா.

இரவு எட்டு மணிக்குமேல் மின்விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். கம்பம் பக்கத்துத் தமிழ் பேசிய முதிய பணியாளர் ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். அப்போது புல்லைப் பிடுங்கும் ஓசை கேட்டது. சர்ரென்று ஒரு பிடுங்கல். பின்னர்த் தட்டும் ஒலி. பின்னர் மெல்லும் ஒலி. மீண்டும் பிடுங்கல். புல்லின் வேரிலுள்ள மண்ணைக் காலில் தட்டி உதிர்த்துவிட்டு உண்கின்றன என்று பணியாளர் கிசுகிசுத்தார். அகழிக்கு அப்பால், முப்பது அடி தொலைவில். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருளில் ஒரு பகுதி ஏனையவற்றினும் அடர்ந்திருந்தது, அவ்வளவே. இடையிடையே, காதால் கேட்பதா நெஞ்சால் உணர்வதா என்று தெரியாத ஓர் உறுமல்.

இனி நடந்ததற்கு முழுப்பொறுப்பும் என்னுடையது. வெளிச்சம் காட்டக் கூடாது என்று பகலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் அத்தனை அருகில் இருப்பதைக் காணாமல் திரும்புவதா என்ற எண்ணம் என்னை மீறியது. மடியில் வைத்திருந்த கைவிளக்கை அழுத்தினேன்.

ஒளிவட்டத்துள் கன்று நின்றது. துதிக்கை நுனியில் புல் தொங்க, என்ன செய்வதென்று அறியாமல் விழித்தது. அடுத்த நொடியில் பிளிறல். மண்ணதிர ஓடிவரும் ஓசை. ஒளிக்குள் ஒரு பேருடல் புகுந்து, கன்றை மறைத்து, அகழியின் விளிம்பில் வந்து நின்றது. விரிந்த செவிகளையும் விளிம்பிலிருந்து பள்ளத்துள் சரிந்த மண்ணையும் கண்டேன். கை உறைந்துவிட்டது, விளக்கை அணைக்க வேண்டுமென்று தோன்றவில்லை. பணியாளர் என் மணிக்கட்டைப் பற்றி அணைத்தார். "குட்டி இருக்கு சார்" என்றார். கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லின் வலி இன்னும் இருக்கிறது.

இருளில் நெடுநேரம் அந்த மூச்சு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மீண்டும் புல் பிடுங்கும் ஓசைக்காக நள்ளிரவு வரை காத்திருந்தோம். வரவில்லை. தந்தையார் என்னோடு பேசவில்லை. சிறுவயதில் வாடியில் அறுத்து வைத்த பலகையை மழையில் நனையவிட்டபோது இப்படிப் பேசாதிருந்தார்.

விடியலில் கருமந்திகளின் முழக்கம் காட்டை நிறைத்தது. தந்தையார் எனக்கு முன்பே எழுந்து, அகழியோரம் நின்று, எதிர்ப்புறத்தில் பதிந்திருந்த அடிச்சுவடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையை மடித்து விரல்களால் காற்றில் எதையோ அளந்தார், சுற்றளவாக இருக்கலாம். நான் அருகில் சென்றதும், "ஏலத்துக்கு மரத்தை இழுத்து வந்து அடுக்குவது டிப்போ யானைகள்தான். மதகம் முழுதும் தழும்பாக இருக்கும். ஒருமுறைகூட நான் அதன் முகத்தைப் பார்த்ததில்லை, தம்பி. மரத்தைத்தான் பார்ப்பேன்" என்றார்.

படகில் திரும்பும்போது அவர் மரங்களைப் பார்க்கவில்லை; கரையையே பார்த்துவந்தார்.

அவ்வாண்டு வகுப்பில் அப்பாலைக்கலிப் பாடல் வந்தபோது, களிற்றின் அன்பை வழக்கம்போல் விரித்துரைத்தேன். ஆனால் வழக்கத்தினும் நெடுநேரம் கன்றின் காலடியிலேயே நின்றுவிட்டேன். மணி அடித்துவிட்டது. ஒரு மாணவி, "ஐயா, கன்று கலக்கியதற்கு யாரும் கோபிக்கவில்லையே" என்றாள். அதுவரை எனக்குத் தோன்றாத கருத்து அது.

தேக்கடியிலிருந்து திரும்பிய ஒரு கிழமைக்குள், ஓர் இரவு, மாடியில் கட்டிலிட்டு அமர்ந்திருந்தோம். வண்டலூர்ப் பக்கமிருந்து சிங்கம் முழங்கிற்று. ஓய்ந்து, மறுபடி முழங்கிற்று. வழக்கமான சொற்றொடருக்காகக் காத்திருந்தேன். தந்தையார் தெற்குத் திசையைச் சற்று நேரம் பார்த்தார்.

"மாடி விளக்கு எதற்கு வீணாக எரிகிறது?" என்றார்.

எழுந்துபோய் அணைத்தேன்.