தழும்பும் சாட்சி சொல்லும்

வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள் என்று பட்டாபிராமிலிருந்து நம் தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். உடனே புறப்பட்டுச் சென்ற நாம், தாய்மாமன் என்ற உரிமையில் ஒரு யோசனையும் சொன்னோம்: “பிள்ளைக்கு முழுக்கை வைத்த ரவிக்கை தைத்துவிடு.”

தங்கை மகளின் இடக்கையில் முழங்கை தொடங்கி மணிக்கட்டுவரை ஒரு தழும்பு உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை வேலைக்காகத் தாய் விடியலிலேயே ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆகவே தம்பிக்குச் சோறாக்கிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு பன்னிரண்டு வயதிலேயே இவள் தலையில் விழுந்தது. ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்துவிட்டது. அன்று பெற்ற தழும்பு அது.

நம் யோசனையைக் கேட்டவள் கோபப்படவில்லை. “மாமா, இது நான் திருடி வாங்கிய தழும்பா?” என்று மட்டும் கேட்டாள். நமக்கு விடை எழவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்து தான் படித்துக்கொண்டிருந்த ஆங்கில நூலை நம்மிடம் நீட்டி, “இதைப் படித்துப் பாருங்கள்” என்றாள். அது பத்மா லட்சுமி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாறு. மாடல் அழகி ஒருவரின் கதையில் நமக்கென்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் வாங்கி வந்தோம்.

பத்மா லட்சுமி நம் சென்னையில் 1970இல் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாய் அமெரிக்கா சென்று செவிலியராகப் பணியாற்றினார். நான்கு வயதில் மகளும் தாயிடம் போய்ச் சேர்ந்தார். ஆயினும் விடுமுறைகளில் சென்னைக்கு வந்து தாத்தா பாட்டியோடு தங்குவது வழக்கம். பாட்டியின் அடுக்களையில் கற்ற சுவைகளே பிற்காலத்தில் அவருடைய எழுத்துக்கு முதலாயின.

1984இல் அவருக்கு வயது பதினான்கு. கடும் நோயிலிருந்து மீண்டு மருத்துவமனையை விட்டு வந்த சில நாள்களில், கலிபோர்னியாவில் குடும்பத்தோடு சென்ற கார் விபத்துக்குள்ளானது. வலக்கை எலும்பு நொறுங்கியது. அறுவை சிகிச்சையின் அடையாளமாகத் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே 7 அங்குல நீளத் தழும்பு தங்கிவிட்டது. வளரிளம் பருவத்துப் பெண் அதை எவ்வாறெல்லாம் மறைத்திருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கல்லூரிக் காலத்தில் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது மாடலிங் தொழில் அவரைத் தேடி வந்தது. பாரிஸ், மிலான், நியூயார்க் நகரங்களில் பணியாற்றினார். அத்தொழிலின் வருவாயில்தான் கல்விக் கடனையும் அடைத்தார். குறையற்ற உடலை விலைபேசும் அந்த உலகில் தழும்பு ஒரு தடையாகவே இருந்தது. ஹெல்முட் நியூட்டன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் அந்தத் தழும்பையே விரும்பிப் படமெடுத்த பிறகு நிலைமை மாறியது. நேற்றுவரை குறையாக இருந்தது இன்று தனிச்சிறப்பாயிற்று.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அதில் நமக்குப் பெரிதாகப் பாடம் ஏதும் இல்லை. ஒரு பெரிய மனிதரின் கண் பட்டதால் ஒரு தழும்புக்கு மதிப்பு வந்தது, அவ்வளவே. பெரிய மனிதர் கண்ணில் படாத ஆயிரமாயிரம் தழும்புகளுக்கு யார் மதிப்புத் தருவது? மேலும், படத்தில் நிற்பவர் பேசுவதில்லை. அவரைப் பற்றி மற்றவர்களே பேசுகிறார்கள்.

பத்மா லட்சுமி பேசத் தொடங்கியது எழுத்தில். 1999இல் முதல் சமையல் நூலை வெளியிட்டார். 2006 முதல் 2023 வரை ‘டாப் செஃப்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையற் போட்டியை நடத்தியவரும் அவரே. இடையிடையே நூல்கள் தொடர்ந்தன. 2021இல் சிறுவர்க்கென்று ஒரு தக்காளிக் கதையும் வந்தது.

ஆனால் நம்மைத் தடுத்து நிறுத்தியவை வேறு. எந்தக் கேமராவும் காட்ட முடியாத காயங்கள் அவருக்கு இருந்தன. பூப்பெய்திய நாள் முதல் மாதந்தோறும் படுக்கையில் தள்ளிய வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால் வரும் நோய் அது. பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று உலகம் சொல்லிவைத்ததால், நோயின் பெயரை அவர் அறிந்தபோது வயது 36. அந்த அறியாமை மற்றப் பெண்களுக்கு வேண்டாம் என்று 2009இல் மருத்துவர் ஒருவருடன் இணைந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். தன்வரலாற்றிலும் அதை எழுதினார். பதினாறு வயதில் தமக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையை, 32 ஆண்டு மௌனத்திற்குப் பின் 2018இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் தம் பெயரிட்டே எழுதினார்.

அவர் வாழ்வில் மேற்கொண்ட எல்லா முடிவுகளும் நமக்கு உடன்பாடாக வேண்டும் என்பதில்லை. அவற்றை எடைபோட நாம் நீதிபதிகளும் அல்லர். ஆனால் தம் காயத்தைப் பிறருக்குப் பயன்படத் திறந்து காட்டியவர் என்ற அளவில் அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! சாவை வென்றவருக்கு ஆணித் துளைகளை அழித்துவிடுவது அரிதா? ஆயினும் உயிர்த்த ஆண்டவர் அவற்றை அழிக்கவில்லை. ஐயுற்ற தோமாவின் முன் அவற்றையே நீட்டினார். தழும்பைக் கண்டுதான் தோமா ஆண்டவரை அறிந்துகொண்டார். அந்தத் தோமாவின் நினைவைச் சின்னமலையிலும் பரங்கிமலையிலும் சாந்தோமிலும் போற்றும் நாம்தாம், நம் வீட்டுப் பிள்ளையின் தழும்புக்கு முழுக்கை ரவிக்கை தைக்கச் சொன்னோம்.

ஞாயிறு வந்தது. தங்கை மகள் வழக்கமான ரவிக்கையோடுதான் காப்பித் தட்டை ஏந்தி வந்தாள். மாப்பிள்ளையின் தாயார் கையைப் பார்த்தார். அவர் கேட்குமுன் இவளே, “தம்பிக்குச் சோறாக்கும்போது பட்டதுங்க அத்தை” என்றாள். கலந்து பேசிச் சொல்லியனுப்புவதாகக் கூறிச் சென்றார்கள். செய்தி இன்னும் வரவில்லை. நமக்குத்தான் மனம் கனத்தது. அவளோ, “மறைத்துக் கட்டிக்கொண்டால் காலமெல்லாம் மறைக்க வேண்டுமே மாமா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

தம் தழும்புகளை மறைக்காத ஆண்டவர், பிறர் தழும்புகளைக் கண்டு முகம் திருப்பாத கண்களை நமக்கும் தந்தருள்வாராக.