மலையடிவாரத்துக் குப்பை கடலுக்குப் போகிறது

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலை கிரிவலப்பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பார் காய்ந்த அன்னதானத் தட்டு, நசுங்கிய டீ கப், பாட்டில் மூடி. 14 கிலோமீட்டருக்கும் இதே கதைதான். துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுகிறார்கள், பாவம். அவர்கள் கைக்குத் தப்பியதை மழை ஓடையில் தள்ளிவிடும். துரிஞ்சலாறு, தென்பெண்ணை, பிறகு கடலூரில் வங்கக்கடல். அங்கே மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று நம்பி ஆமை விழுங்குகிறது.

குப்பையாவது கண்ணுக்குத் தெரியும். கடலில் கப்பல்கள் போடும் சத்தம் தெரியாது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். திமிங்கிலங்கள் இரை தேடுவதும் கூட்டத்தை அழைப்பதும் ஒலியை நம்பித்தான். கப்பல் இரைச்சல் அதை அமுக்கிவிடுகிறது. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டும் பல திரும்பி வந்தன. அதற்குச் சத்தம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன்; 1973லும் அந்தக் கரையோரத்தில் இப்படி நடந்திருக்கிறது. அதற்காகக் கப்பல் இரைச்சல் நிரபராதி ஆகிவிடாது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வாருங்கள். டீக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும்.