வாழ வந்த ஊரின் உயிர்க்கணக்கு

பிழைப்பை நாடி வேற்றூருக்குச் செல்வோர் அவ்வூரைப் பற்றி முதலில் அறிந்துகொள்வன சில உண்டு. வீட்டு வாடகை எவ்வளவு, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி எது என்பன அவை. இவ்வளவும் தெரிந்தால் ஊரையே அறிந்துவிட்டதாக எண்ணி இருபது ஆண்டுகளைக் கழித்துவிடுவோரும் உளர். ஆனால், தெருமுனையில் நிற்கும் மரத்தின் பெயர் என்ன, மார்கழியில் ஏரிக்கரைக்கு வந்து கோடையில் காணாமற்போகும் வாலாட்டிக் குருவி எங்கிருந்து வருகிறது என்று ஒரு குழந்தை கேட்டால், வீட்டில் விடை சொல்வார் எத்தனை பேர்? ஊரில் வாழ்வது வேறு. ஊரை அறிவது வேறு.

இவ்வேறுபாட்டைச் சிறிதேனும் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தால், சந்திரகிரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் கூடி ஒரு சிறு பணியை மேற்கொண்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் காலையில் ஓரிடத்தில் கால்மணி நேரம் நிற்கிறோம். அவ்விடம் ஏரிக்கரையாக இருக்கலாம். கோட்டைக்குள் ராஜமகால் எதிரேயுள்ள வெளியாக இருக்கலாம். வீட்டு மொட்டை மாடியாகவும் இருக்கலாம். அந்நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த பறவைகளையும், காதுக்குக் குரல் எட்டிய பறவைகளையும் வகைவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்கிறோம். பின்னர் நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு அதனைக் கைப்பேசி வாயிலாக ஈபேர்டு என்னும் பொதுக் கணக்கேட்டில் சேர்க்கிறோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏடு அது. இன்று உலகெங்குமுள்ள பொதுமக்கள் அதில் எழுதுகின்றனர். ஆராய்ச்சியாளர் அதனைப் படித்துப் பயன் கொள்கின்றனர்.

எண்ணுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். நம் ஊருக்கு அருகே எழும் சேஷாசல மலைத்தொடர், பழந்தமிழர் தம் நாட்டின் வடவெல்லை என்று போற்றிய வேங்கடமேயாகும். 2010-ஆம் ஆண்டில் அரசு அதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காஞ்சிபுரத்துக் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கி வந்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். உயிருள்ள பொன்னிறப் பல்லி ஒன்று இத்திருப்பதி மலைப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றது என்பதை அவர்களுள் சிலரே அறிவர். சென்னை மாகாணத்தின் வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் என்பவர் 1870-ஆம் ஆண்டில் அதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். செஞ்சந்தன மரம் இயற்கையாக விளையும் காடுகள் உலகிலேயே மிகச் சிலதான். அவற்றுள் இதுவும் ஒன்று.

எனினும், எங்கள் கணக்கில் அருமையான உயிர்கள் அடிக்கடி இடம்பெறுவதில்லை. காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், கொக்கு, மீன்கொத்தி, செம்போத்து, தேன்சிட்டு ஆகியவையே வாரந்தோறும் வருகின்றன. “காக்கையை எண்ணி என்ன காணப்போகிறீர்கள்?” என்று நகைத்தவர்களும் உண்டு. அவர்களுக்குரிய விடையைப் பிணந்தின்னிக் கழுகின் வரலாறு கூறுகின்றது.

1980-களில் அக்கழுகுகள் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்தன. எங்கும் காணக் கிடைத்தமையால் அவற்றை எண்ண வேண்டும் என்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை. பரத்பூர் போன்ற சில இடங்களில் மட்டும் விபு பிரகாஷ் முதலிய ஆராய்ச்சியாளர் கூடுகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தனர். 1990-களின் இறுதியில் அக்கணக்கோடு ஒப்பிட்ட பின்னரே, கழுகுகள் விரைந்து அழிந்துவருவது உலகுக்குத் தெரிந்தது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்து, அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளுக்கு நஞ்சாகிவிட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும், அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 100-க்கு 99-க்கும் மேற்பட்டவை மறைந்துவிட்டன. முன்பே எண்ணி வைத்தவர் சிலர் இல்லையாயின், இழந்தது எவ்வளவு என்பதைக்கூட நாம் அறிந்திருக்கமாட்டோம்.

கணக்கு வீண் அச்சத்தையும் நீக்கும். சிட்டுக்குருவி இந்தியாவில் அழிந்தே போயிற்று என்று பலர் பேசக் கேட்டிருக்கிறோம். பொதுமக்கள் தந்த குறிப்புகளைக் கொண்டு 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் அது குறைந்திருப்பினும், நாடு முழுவதையும் நோக்கும்போது இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பேர் சேர்த்த 3 கோடிக் குறிப்புகள் ஆதாரமாயின. நெடுங்காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைப் பறவைகளில் 204 வகைகள் குறைந்துவிட்டன என்று அது எச்சரித்தது. இத்தனை இடங்களில் இத்தனை நாள் நின்று பார்ப்பது எந்த ஒரு நிறுவனத்தாலும் இயலாது. சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு பறவை நிலப்படம் ஒன்றை உருவாக்கினர். 361 வகைகள் அதில் இடம்பெற்றன. நம் திருப்பதியிலும் ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு இத்தகைய முயற்சியில் ஈடுபட்டனர்.

கல்லாதவர் என்று நாம் கருதுவோரிடத்தும் இவ்வறிவு நிறைந்திருக்கிறது. தெலுங்கில் கலிவிக்கோடி எனப்படும் பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால், அழிந்துவிட்டது என்றே அறிஞர் முடிவு கட்டியிருந்தனர். 1986-ஆம் ஆண்டு சனவரியில் கடப்பை மாவட்டத்தில் அது மீண்டும் கிடைத்தது. படத்தைக் கண்டு அடையாளம் சொல்லி, இரவில் ஒன்றைப் பிடித்தும் தந்தவர் அக்காட்டோரத்து வேட்டைக்காரர் ஒருவரே.

ஆகவே, நாங்கள் அண்டை வீட்டுத் தெலுங்கு மக்களையும் உடனழைத்துச் செல்கிறோம். நாம் பனங்காடை என்று காட்டிய பறவையை அடுத்த வீட்டு அவ்வா பாலபிட்ட என்றார். தசராவன்று அது கண்ணில் படுவது நல்ல சகுனம் என்றும் சொன்னார். மைனாவைக் கோரிங்க என்றும், கிளியை ராமசிலுக என்றும் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். அவ்வாவின் பேரர்களோ செம்போத்து, கொண்டலாத்தி என்று தமிழில் அழைக்கின்றனர். எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் உயிருக்கும் இரு பெயர்கள் உள்ளன. பள்ளியில் தமிழ் படிக்க வழியில்லாத பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்களைக் கொடுக்கவும், அதே வேளையில் வந்த நாட்டு மொழியை மதிக்கவும் இதனினும் எளிய வழியை நாங்கள் கண்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். இக்காட்டில் தமிழர் என்ற பெயர் பலருக்கு நினைவூட்டுவது செம்மரம் வெட்டுவதையே. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட இருபது பேர் இச்சேஷாசலக் காட்டில் காவற்படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைகள். கூலிக்காக வந்தவன் உயிர் போகிறது. மரத்தால் பெருஞ்செல்வம் சேர்ப்பவனோ எங்கோ இருக்கிறான். அத்துயரத்தை எங்கள் குறிப்பேடு துடைத்துவிடாது. ஆயினும், இம்மலையடிவாரத்தில் தமிழ் பேசிக்கொண்டு நடப்பவர்களுள் மரங்களுக்கும் பறவைகளுக்கும் கணக்கு எழுதுவோரும் உண்டு என்பதை ஊரார் நேரிற் காண்பது சிறு செயலன்று. இக்காரணத்தாலேயே நாங்கள் அனுமதியின்றிக் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஏரிக்கரைக்குச் செல்லும்போதும் அவ்வூராரிடம் சொல்லிவிட்டே செல்கிறோம்.

சங்கத்து அன்பர்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும் இப்பணியைத் தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் கால்மணி நேரமும் இருந்தாற் போதும். ஐயமானதை ஐயம் என்றே எழுதுங்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். அரிய பறவையின் கூட்டையும், அரிய விலங்கின் இருப்பிடத்தையும் ஊரறியச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகோர் அனைவரும் கலந்துகொள்ளும் கணக்கெடுப்பும் உண்டு. இவ்விரண்டும் தொடங்குவதற்கு நல்ல நாட்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். உங்கள் ஊராட்சியில் அதனைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தெருவுக்கு அப்பாலிருந்த குட்டை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் தூர்க்கப்பட்டு மனைகளாயிற்று. அங்கே எவ்வெப் பறவைகள் இரை தேடின என்று எழுதிய தாள் ஒன்றும் இல்லை. ஒருவர் நாரை என்கிறார். மற்றொருவர் நீர்க்கோழி என்கிறார். எஞ்சியிருக்கும் ஏரிக்கு அந்நிலை வாராதிருத்தல் வேண்டும். மண்ணும் நீரும் தந்து நம்மை ஏற்றுக்கொண்ட ஊருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதில் ஒரு சிறு பங்கையேனும் ஞாயிற்றுக்கிழமைக் கால்மணி நேரத்தால் அடைப்போமாக.