தாயா புள்ளையா

எங்க சிலமலைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. 'தாயா புள்ளையாப் பழகுறது.' ரத்த உறவு இல்லாதவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல், கேலி பேசி, இருக்கிற கஞ்சியைப் பகிர்ந்து குடித்துப் பழகுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நல்ல சொல். எம்.ஏ. தமிழ் படித்தபோது 'கேண்மை', 'நட்புரிமை' என்று எதையெதையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஈடாகவில்லை.

எங்கம்மா ஏலத்தோட்டக் கூலி. விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம் போகணும். ஊர்ப் பொம்பளைகளும் காலனிப் பொம்பளைகளும் மடிமேல் மடியாக உட்கார்ந்துதான் போவார்கள். மலையில் மழை பிடித்தால் ஒரே சாக்குக்குள் ரெண்டு தலை. தூக்குவாளிக் குழம்பு கைமாறும். பொழுதுசாய ஊர் வந்து இறங்கினதும் எல்லாம் முடிந்தது. மலையில் 'அக்கா' என்றவள் தெருவில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

கவனித்துப் பாருங்கள், தோழர்களே. 'தாயா புள்ளையா' என்று ஊர்தான் சொல்லும். காலனி சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் ஊர் சொல்வது, நமக்கு அடி விழுந்த மறுநாள்.

1989இல் போடிக் கலவரம் நடந்தபோது நான் பிறக்கவில்லை. உயிர்கள் போய், குடிசைகள் எரிந்து அடங்கின பிறகு, "தாயா புள்ளையா இருந்தோமே" என்று பேச வந்தார்களாம். அம்மா சொல்லும். அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வழக்குப் போடலாம். வசவை எஃப்.ஐ.ஆரில் எழுதலாம். 'தாயா புள்ளையா'வை எதில் எழுதுவது? எழுதின எஃப்.ஐ.ஆரைக் கிழிக்கச் சொல்லித்தானே அந்தச் சொல்லே வருகிறது!

என் தம்பியை அடித்தார்கள். ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனானாம். புகார் கொடுத்தோம். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து எங்க வாசலில் நின்றார்.

"தாயா புள்ளையா இருக்கோம். கேஸு கீஸுன்னு எதுக்கு? வாபஸ் வாங்கிருங்க."

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினது. அவர் கையை நீட்டவில்லை. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார்.

"தாயா புள்ளையான்னீங்களே ஐயா. தாய் வீட்டுத் தண்ணி புள்ளைக்கு ஆகாதா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று பழமொழி. எங்க ஊரில் செம்பும் வேறு, சுடுகாடும் வேறு. ரெண்டும் ஒன்றாகட்டும். அப்புறம் தாய் யார், பிள்ளை யார் என்று பேசலாம்.

புகாரை நாங்கள் வாபஸ் வாங்கவில்லை.