பலமரம் கண்ட தச்சன்

‘பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது என் தந்தையார் எனக்கென்றே எடுத்து வைத்திருந்த பழமொழி. அதற்கு நான் இடமளித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவில் தொடங்கிக் கலைப் பிரிவில் முடித்தேன். பல்கலைக்கழகம் புகுந்தபின் சிங்களம் மூன்று மாதம், மிருதங்கம் இரண்டு மாதம், கணினி ஒரு மாதம் எனக் கற்று, முதலாவது இடர்ப்பாடு தோன்றியதும் ஒவ்வொன்றையும் கைவிட்டேன். நண்பர்கள் என்னைப் பலதுறை நாட்டமுடையவன் என்றபோது அதனை மறுக்கவுமில்லை.

இந்நிலையிலேதான் றொபேட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலை வாசிக்க நேர்ந்தது. எங்கள் கட்டைபறிச்சானுக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக்குடாவில், புயலிற் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட வந்தவிடத்து, 1660 ஆம் ஆண்டில் அவர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. உடன் அகப்பட்ட தந்தையார் மறு ஆண்டே இறந்தார். மகனோ மேலும் பல்லாண்டுகள் மலைநாட்டிற் கைதியாக வாழ்ந்தார்.

கடலோடியின் மகனாகிய அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தொப்பி பின்னினார். பன்றியும் ஆடும் வளர்த்தார். நெல்லைக் கடன்கொடுத்து, அறுவடைக் காலத்தில் வட்டியோடு பெற்றார். சிங்களம் பேசப் பழகினார். பின்னர் மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புப் பொருள் ஆகியவற்றைச் சுமந்து ஊரூராகச் சென்று விற்றார். அவ்வணிகத்துக்கு மொழி துணைநின்றது. வணிகமோ வடதிசை வழிகளை அவருக்குக் காட்டிற்று. 1679 இல் விற்பனைக்குச் செல்வார் போலத் தோழர் ஒருவருடன் புறப்பட்டு, அனுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவைப் பின்பற்றி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் நம் நாட்டு உழவையும் உணவையும் வழக்கங்களையும் நுணுக்கமாக விவரிக்கிறது. அவற்றினிடையே வாழ்ந்தவராதலின் அவரால் அவ்வாறு எழுத முடிந்தது.

நூலை மூடியபோது தந்தையாரின் நினைவு வந்தது. 2006 ஆம் ஆண்டுப் போரில் மூதூர்ப் பகுதி மக்களோடு நாங்களும் இடம்பெயர்ந்து மட்டக்களப்பை அடைந்தோம். நான் அப்போது சிறு குழந்தை. வேளாண்மையன்றி வேறு தொழிலறியாத தந்தையார் அங்கே மேசன் ஒருவருக்குக் கையாளாகச் சேர்ந்தாராம். முதலில் மண்ணும் சீமெந்தும் சுமந்தார். பின்னர்த் தூக்குக்குண்டு பிடிக்கவும், நீர் நிரப்பிய குழாயினால் மட்டம் பார்க்கவும் கற்றார். நாற்பது வயதில், தம்மிலும் இளையவரிடம் ஏச்சு வாங்கிக் கற்ற தொழில் அது. மீண்டும் ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்பினார். அதுமட்டுமன்று. அதே குழாயை வயலுக்குக் கொண்டுசென்று மேடு பள்ளம் கண்டு மண்ணை நிரவினார். நீர் எங்கும் ஒரே அளவாக நின்றது.

கடந்த விடுமுறையில் அவ்வயல் வரம்பில் அமர்ந்திருந்தபோது கேட்டேன்: “நீங்களும் பல மரம் கண்ட தச்சன்தானே, அப்பா?”

அவர் சிரிக்கவில்லை. “பல மரம் கண்டதிலே பிழையில்லை, மகன். ஒன்றையும் வெட்டாமல் வந்ததுதான் பிழை” என்றார்.

மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. நொக்ஸுக்கும் தந்தையாருக்கும் பசி இருந்தது. நடுவழியில் நிறுத்த அவர்களுக்கு வழியில்லை. எனக்கோ எதையும் எப்போதும் நிறுத்தும் வசதி இருந்தது. அவ்வசதியையே நான் நாட்டம் என்று அழைத்து வந்தேன்.

விடுதிக்குத் திரும்பிய இரவு சிங்களக் கொப்பியைத் தேடி எடுத்தேன். பதினாறாம் பக்கத்தில் விட்டிருந்தேன். பதினேழாம் பக்கம் கடினமாகவே இருக்கிறது. இப்போது இருபத்து மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன். மிருதங்கத்தை இது முடியும்வரை தொடுவதில்லை என்று தந்தையாருக்குச் சொல்லியிருக்கிறேன்.