ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துணி

பச்சிளங்குழந்தைகள் வார்டில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். திரேஸ்புரத்துப் பிள்ளை ஒன்று, பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, பால் குடித்ததும் கக்கியது. துடைத்த துணி மஞ்சளாகத் தெரிந்தது. வயிறும் உப்பவில்லை. ‘பால் கக்கியது’ என்று எழுதிவிட்டேன்.

“சேனைத் தண்ணி ஒத்துக்கலியோ தாயி? காட்டுப்பீயும் சரியாப் போகல” என்றார் பாட்டி. சேனை கொடுத்ததற்குக் கண்டித்தேன். அவர் சொன்ன இரண்டாவது செய்தியைக் காதில் வாங்கவே இல்லை.

பெரிய சிஸ்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “ஏட்டி, அந்தத் துணி எங்க? ஜன்னல் பக்கம் கொண்டா.”

பக்கத்துத் தொட்டிலில் காமாலைக்குப் போட்டிருந்த நீல விளக்கு என் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. கடல் பக்கத்து ஜன்னலில் விரித்துப் பார்த்தால், முருங்கை இலையைக் கசக்கிய பச்சை.

பித்தநீர் குடலில் வந்து சேரும் வாய்க்குக் கீழே வழி அடைத்திருந்தால் பச்சை மேலேறும். அடைப்பு முன்சிறுகுடலிலேயே இருந்தால் காற்று கீழே இறங்காது. அதனால் அடிவயிறு ஒட்டியே கிடக்கும். நான் உப்பிய வயிற்றையே தேடிக்கொண்டிருந்தேன். குடல் முறுக்கிக்கொண்டதாலும் பச்சை வரும். அப்போது சில மணி நேரத்தில் ரத்தம் நின்று குடல் அழுகிவிடும். ஆகவே பச்சை என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

குழாய் போடுவதை அன்றுதான் கையால் கற்றேன். மூக்கு நுனியிலிருந்து காதுமடல், அங்கிருந்து நெஞ்செலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் நடுவரை அளந்து, மெல்ல இறக்கினேன். 20 மில்லிக்கு மேல் வந்தாலே சந்தேகம், வந்தது 35. எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள், கீழே ஒன்றுமில்லை. தாயின் ஸ்கேன் தாளைப் புரட்டினால், பனிக்குட நீர் அதிகம் என்று முன்பே எழுதியிருந்தது. பிள்ளை விழுங்கிய நீர் குடலுக்குள் போக வழியில்லையே!

கருவின் தொடக்க வாரங்களில் முன்சிறுகுடல் உள்ளே அடைபட்டு, 8 முதல் 10 வாரத்துக்குள் மறுபடி திறக்க வேண்டும். திறக்காமல் போவதற்குத் தாய் தின்றதோ பாட்டி கொடுத்ததோ காரணமில்லை. இதைப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். காலையில் கண்டித்த வாயால்.

108-இல் திருநெல்வேலிக்கு நானும் போனேன். பிள்ளைக்குச் சூடு குறையாமல் பொதிந்து, குழாயின் முனையைத் திறந்தே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தேன். அந்தத் துணியையும் சிஸ்டர் கூடவே கொடுத்தனுப்பியிருந்தார். அடைப்புக்கு மேலும் கீழும் உள்ள குடலைத் திறந்து இணைத்துத் தைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் பாட்டி வார்டுக்குப் போன் செய்தார்.

“வெளிய போயிட்டான் தாயி. மஞ்சளா. வாசல்ல கொண்டுபோய் வெயில்ல பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.”