நாகபுரியில் ஒரு குடிலன்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகளைக் கொண்டு ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் முதற்களத்தையும் இறுதிக்களத்தையும் நடிப்பிப்பது என முடிவாயிற்று. பயிற்றும் பொறுப்பு எப்படியோ நம் தலையில் வந்து விழுந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் எழுத்தராய்க் காலந்தள்ளும் நமக்குப் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படிப்பில்லை. நாம் நெல்லைச் சீமைக்காரர், நாடகக் கதையும் நெல்லைக் கோட்டையில் நடப்பது. இந்த ஒரு தகுதியைத் தவிர வேறொன்றும் நமக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்நாடகத்தை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றைத் தழுவி, 1891-ல் இதனை வெளியிட்டார். இதன் தொடக்கத்தில் உள்ள தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 1970-ல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பெற்றது. 2021-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. இன்றைய தமிழகத்துக்கு வெளியே பிறந்து, பெரும்பாலும் வெளியிலேயே உத்தியோகம் பார்த்த ஒருவர் தந்த செல்வம் இது என்பது, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்போன்றோர்க்குப் பெரியதோர் ஆறுதல். நம் பிள்ளைகள் அவ்வாழ்த்தைக் கூட்டந்தோறும் பாடுகின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர்.

சேர்ந்த பிள்ளைகள் பதினொருவர். எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுவோரே; எழுத்துக்கூட்டிப் படிக்க அறிந்தவர் இருவரே. நூல் இணையத்தில் மதுரைத் திட்டத்தாரின் தொகுப்பில் விலையின்றிக் கிடைத்தது. ஆனால் அகவலடிகளில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நிற்பதைக் கண்டதும் நமக்கே நெஞ்சு படபடத்தது. இரவுப் பணியில் ஒரு வண்டி போய் மறுவண்டி வருவதற்குள், கைப்பேசியில் தமிழ்ப் பேரகராதியைத் திறந்து சொல் சொல்லாய்ப் பொருள் தேடினோம். வாத்தியார் பாடம் கற்பதற்குள் மாணாக்கர் முந்திவிடுவரோ என்ற அச்சம் நமக்கு! தெளிந்தவற்றை நம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினோம்.

பிள்ளைகள் அதைக் கேட்டுத் தங்களுக்குத் தெரிந்த தேவநாகரி எழுத்தில் எழுதிக்கொண்டனர். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அந்நோட்டைக் கண்டு வருந்தினார். “தமிழை வேற்றெழுத்தில் படித்தால் ழகரம் எங்கே போய் நிற்கும், தம்பி?” என்றார். அவர் சொன்னது மெய். பிள்ளைகள் பலர் வாயில் ‘வாழ்க’ என்பது ‘வால்க’ என்றாயிருந்தது. முதல் மாதம் மட்டும் அந்த நோட்டு இருக்கட்டும், அப்பால் தமிழெழுத்தே என்று அவரிடம் வாக்களித்தோம்.

முதல் ஒத்திகையில் நம் மகனே குடிலனாக நின்றான். பன்னிரண்டு வயது. ஓரடியும் பிசகாமல் ஒப்பித்தான். நாம் மூச்சுவிட்ட இடத்தில் மூச்சுவிட்டான். செருமிய இடத்தில் செருமவும் செய்தான்! பெருமையோடு, “என்னடா சொன்னாய்?” என்றோம்.

“தெரியாதுப்பா. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்” என்றான்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. கருவி ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொருள் நம்மிடமே தங்கிவிட்டது.

மறுவாரம் கைப்பேசிகளை ஒரு கூடையில் இட்டு மூடினோம். குடிலன் யார் என்று கதையாய்ச் சொன்னோம். சீவக மன்னனின் அமைச்சன் அவன். மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை கட்டச் செய்தவன். புகழ்ந்து புகழ்ந்தே மன்னனைக் கெடுப்பவன். “அரசனைப் பார்த்துக் கும்பிடு, அவன் திரும்பியதும் சபையைப் பார்த்துச் சிரி” என்றோம். மகன் அவ்வாறே செய்தான். கண்டிருந்த பிள்ளைகள் கொல்லென்று நகைத்தனர். சீவகனாக நின்ற சிறுமி மட்டும் சினந்து, “இவ்வளவு புகழ்ந்தால் ராஜாவுக்குச் சந்தேகம் வராதா?” என்றாள். நாடகத்தின் உயிர்நிலையை அக்குழந்தை தொட்டுவிட்டாள். அன்று தொடங்கிப் பிள்ளைகள் அடிதோறும் பொருள் கேட்டனர். நம் அகராதி வேலையும் இருமடங்காயிற்று.

அட்டைப் பெட்டிகளையும் பழம்போர்வைகளையும் கொண்டு சுருங்கை வழி அமைத்தோம். விழாவன்று அதன் வழியே சேரன் புருடோத்தமன், குடிலனைச் சங்கிலியிற் பிணித்து இழுத்துவந்தபோது மன்றம் ஆரவாரித்தது. நம் மகன் தலைகுனிந்து நின்ற நிலையைக் கண்டு, தீயவன் என்றறிந்தும் நம் கண் கலங்கிற்று.

அக்காட்சியைப் படமெடுத்து ஊரிலுள்ள நம் அன்னைக்கு அனுப்பினோம். பேரன் பேச்சை இருமுறை கேட்டுவிட்டு, “ஏலே, ஆச்சிகிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டியே, இம்புட்டுத் தமிழையும் எங்கல வச்சிருந்த?” என்று அவனைக் கேட்டார். அவன் நாணி நகைத்தான். அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவனே ஆச்சியை அழைத்துப் பேசுகின்றான்.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. பதினொருவரில் இன்று தமிழ் படிக்க வல்லவர் எழுவர். எஞ்சிய நால்வரில் நம் மகனும் ஒருவன். குடிலன் பகுதி முழுவதையும் பொருளோடு சொல்வான். அச்சிட்ட பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டவே தடுமாறுகின்றான். அப்பெரியவருக்குத் தந்த வாக்கு நம் வீட்டிலேயே நிறைவேறாது நிற்கின்றது.

வரும் பொங்கலுக்கு அடுத்த அங்கத்தை எடுத்திருக்கின்றோம். இம்முறை ஒலிப்பதிவு முதலில் இல்லை. நடிப்பு முதலில், எழுத்து அடுத்து, ஒலிப்பதிவு திருத்தத்துக்கு மட்டும். ஞாயிறு மாலை ஒருமணிப் பொழுது தரவல்ல அன்பர்கள் சங்கத்துக்கு வந்துதவ வேண்டுகின்றோம். புலமை வேண்டியதில்லை, பிள்ளையின் அருகமர்ந்து ஓரெழுத்தைச் சுட்டிக்காட்ட ஒரு விரல் போதும்.